பட்டம் இல்லாமல் பாடம் மட்டும்: டர்பனில் என் நான்கு வருட சைபர் படிப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஒரு க்ளியரிங் ஏஜென்சியில் கணினிப் பொறுப்பு என்னுடையது. பொறுப்பு என்றால் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவுவது முதல் சர்வர் வரை எல்லாம். 2021 ஜூலைக் கலவரம் ஓய்ந்து லாரிகள் மெல்ல ஓடத் தொடங்கிய வேளையில் துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான ட்ரான்ஸ்நெட் மீது சைபர் தாக்குதல் நடந்தது. டர்பன், கேப் டவுன் உட்படக் கண்டெய்னர் முனையங்கள் முடங்கின. 'எங்கள் கையை மீறிய நிலைமை, ஒப்பந்தப்படி வேலை செய்ய முடியாது' என்று பொருள்படும் 'ஃபோர்ஸ் மஜூர்' அறிவித்துவிட்டு, கணினி செய்த வேலையைக் காகிதத்தில் எழுதிச் சமாளித்தார்கள். எங்கள் முதலாளி என் மேஜைக்கு வந்து, "நம்ம ஆபீஸ்ல இப்படி ஆனா என்ன செய்வே?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

திருநெல்வேலியில் வாங்கிய பி.காம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுக் கடனும் இருக்கிறது. இன்னொரு மூன்று வருடப் பட்டம் நடக்கிற காரியமில்லை. அப்போதுதான் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் பட்டத்தில் சேராமல் தனிப்பாடம் எடுக்கலாம் என்று தெரிந்தது. அதற்கு 'நான்-டிகிரி' என்று பெயர். தமிழில் எழுதினால் 'நானே டிகிரி' என்கிற தோரணை வருகிறது. நிஜத்தில் அந்தத் தோரணைக்கு வேலையே இல்லை.

கணக்கு இதுதான். இங்கே இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 360 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு. நான் எடுத்த பாடம் ஒவ்வொன்றும் 12 கிரெடிட், ஆக 120 மணி நேரம். வருடத்துக்கு ஒன்று என வைத்துக்கொண்டேன். 2022 முதல் நான்கு முடித்திருக்கிறேன்.

முதல் தப்பு வரிசையில். பெயர் கவர்ச்சியாக இருந்ததால், தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் குறியாக்கவியலை முதலில் எடுத்தேன். கணக்கு பிடிக்கும், அதனால் தப்பித்தேன். பொதுவெளியில் பேசிக்கொண்டே இரண்டு பேர் ஒரு ரகசிய எண்ணுக்கு வந்து சேரும் வித்தையை, 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்டதை, சமையலறை மேஜையில் என் மகளோடு செய்து பார்த்தேன். அடி எண் 2, வகுக்க 11. என் ரகசியம் 3, அவளுடையது 4. இரண்டின் மூன்றடுக்கு 8, அதை நான் சத்தமாகச் சொன்னேன். இரண்டின் நான்கடுக்கு 16, பதினொன்றால் வகுத்தால் மீதி 5, அதை அவள் சொன்னாள். அவள் 8ஐ நான்கு தடவை பெருக்கி வகுத்தாள், நான் 5ஐ மூன்று தடவை. இருவருக்கும் மீதி 4. "நான் நினைச்ச நம்பரே வந்துட்டு, ஏமாத்துறீங்கப்பா" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். அவள் ரகசியத்தை 7 ஆக்கி மறுபடி போட்டோம், இருவருக்கும் 2 வந்தது. அப்புறம்தான் நம்பினாள். ஆனால் இந்தச் சாவி எந்தக் கம்பியில், எந்தப் பாக்கெட்டில், அதாவது எந்தத் தரவுத் துண்டில் ஓடுகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. நெட்வொர்க் பாடம் அடுத்த வருடம் எடுத்த பிறகுதான் இரண்டும் ஒட்டின. வரிசையை மாற்றிப் போட்டிருக்க வேண்டும்.

நெட்வொர்க் பாடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நெட்வொர்க்கில் ஓடும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்தேன். 2023 மின்வெட்டு உச்சம். ஆன்லைன் தேர்வு நடுவில் கரண்ட் போகும் என்று இன்வெர்ட்டர் வாங்கினேன். அதன் விலை பாடக் கட்டணத்தைவிட அதிகம். அன்று கரண்ட் போகவில்லை, தேர்வுத் தளம்தான் படுத்துவிட்டது.

மூன்றாவது, டிஜிட்டல் தடயவியல். நான்கில் போட்ட பணத்துக்கு முழு மதிப்பு இதில்தான். அதற்கு முன்னால் வைரஸ் வந்த கணினியை உடனே அணைத்து ஃபார்மட் செய்வதுதான் என் வைத்தியம். அணைத்த நொடியே ரேமில் இருந்த தடயமெல்லாம் போய்விடுகிறது. இத்தனை வருடம் தடயத்தைக் கூட்டிப் பெருக்கிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்! ஹார்ட் டிஸ்க்கை நகலெடுக்கும் முன், உள்ளே எது மாறினாலும் காட்டிக்கொடுக்கும் 'ஹேஷ்' என்கிற கைரேகை எண்ணை எடுப்பது, யார் கையில் எப்போது இருந்தது என்று கையெழுத்தோடு குறித்து வைப்பது, எல்லாம் அங்கே கற்றேன்.

பாடம் முடிந்த மூன்றாம் மாதம் கணக்குப்பிரிவில் ஒரு மின்னஞ்சல். வழக்கமான சப்ளையர், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று. கணக்கர் அக்காவுக்குச் சந்தேகம். "தம்பி, பச்சை டிக் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். மின்னஞ்சலின் தலைப்புப் பகுதியைத் திறந்து, அது வந்த வழியைக் காட்டும் 'ரிசீவ்டு' வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தேன். அனுப்பிய டொமைனை, அதாவது முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயரைச் சரிபார்க்கும் சோதனைகள் இரண்டு. எஸ்பிஎஃப் தேறியிருந்தது, டிகேஐஎம் தேறியிருந்தது. ஏன் தேறாது? டொமைன் திருடனுடையது. சப்ளையர் பெயரில் 'எம்' வர வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்தையும் 'எம்' போலவே தெரியும்படி ஒட்டிப் பதிவு செய்திருந்தான். அந்த டிக் 'இந்த டொமைனிலிருந்துதான் வந்தது' என்று மட்டும் சொல்லும், அந்த டொமைன் யாருடையது என்று சொல்லாது. பணம் போகவில்லை.

நான்காவது சட்டமும் இடர் மேலாண்மையும். தூக்கம் வரும் என்று பயந்தேன், வரவில்லை. வீடு வாங்கிய ஒருவர், வழக்கறிஞர் நிறுவனத்தின் பெயரில் வந்த போலி மின்னஞ்சலை நம்பி 55 லட்சம் ராண்ட் இழந்த வழக்கு இங்கே பிரபலம். 2023இல் ஜொகானஸ்பர்க் உயர் நீதிமன்றம் நிறுவனமே பொறுப்பு என்றது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, சரிபார்த்திருக்க வேண்டியது பணம் அனுப்பியவர்தான் என்றது. அந்த வழக்கைப் படித்த வாரமே எங்கள் ஆபீஸில், கணக்கு எண் மாறினால் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் போகக் கூடாது என்று எழுதி ஒட்டினோம். வாடிக்கையாளர் விவரம் கசிந்தால் கட்டுப்பாட்டாளருக்கும் அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 'பொப்பியா' என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்வதும், 2021 டிசம்பரில் சைபர் குற்றச் சட்டத்தின் பெரும்பகுதி நடைமுறைக்கு வந்ததும் எனக்கு அங்கேதான் தெரிந்தது.

குறைகளும் உண்டு. பட்ட மாணவர்களுக்கு இடம் போட்ட பிறகுதான் நம் முறை. என் விண்ணப்பம் ஒரு தடவை பதிவு முடிகிற நாளுக்கு முந்தின நாள்தான் அசைந்தது. என்எஸ்ஃபாஸ் என்கிற மாணவர் நிதித் திட்டம் மாதிரி அரசு உதவி பட்டம், டிப்ளமா போன்ற முழுப் படிப்புக்குத்தான், உதிரிப் பாடத்துக்கு இல்லை. பின்னால் பட்டத்தில் சேர்ந்தால் இந்தக் கிரெடிட்டை ஏற்பார்களா என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு, முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரிய குறை, கூட்டாளி இல்லாதது. ஒரே பாடத்தில் கூடப் படித்தவர்கள் அடுத்த பாடத்தில் இருக்க மாட்டார்கள். புரட்டாசி விரதச் சாப்பாட்டுக்கு வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது நான் மட்டும் மாடியில் அசைன்மென்ட் எழுதியிருக்கிறேன்.

டர்பனுக்குப் பக்கத்தில் வெருலத்தில் இருக்கும் ஒரு தம்பி, "வேலை கிடைக்குமாண்ணே?" என்று கேட்டான். முதல் வேலை தேடுகிறவனுக்கு இது வேண்டாம் என்றேன். மனிதவளத்துறைக்காரர் முதலில் தேடுவது பட்டத்தின் பெயரை. தனியார் சான்றிதழ் என்றாலும் அவருக்குப் புரியும். ஆனால் அந்தத் தேர்வுக் கட்டணம் டாலரில், ராண்ட் சரியும்போதெல்லாம் நமக்கு ஏறும். ஏற்கெனவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அந்த நாற்காலியின் ஓட்டையை அடைக்க நினைப்பவருக்குத்தான் தனிப்பாடம் பொருந்தும்.

என்னிடம் இருப்பது நான்கு வரி கொண்ட ஒற்றைப் பக்க மதிப்பெண் தாள். போன மாதம் ஒரு ஐரோப்பிய வாடிக்கையாளர், 'உங்கள் தகவல் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, தகுதி என்ன' என்று கேட்டு அனுப்பிய படிவத்தோடு முதலாளி அதை இணைத்து அனுப்பினார். அவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அடுத்து மென்பொருள் பாதுகாப்பு எடுக்க ஆசை. அதற்கு முன்தேவையாக ஜாவா கேட்கிறார்கள். ஜாவாவுக்கும் எனக்கும் எப்போதும் ஆகாது. ஜனவரி வரை நேரம் இருக்கிறது.