2,800 ரூபாய் பேக்கேஜும் ஒரு நிமிட வினிகரும்

மதுரையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 44. போன மாதம் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் ‘பெண்களுக்கான புற்றுநோய் பேக்கேஜ்’ எடுத்தேன். 2,800 ரூபாய். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள். ஊசி குத்தியதே தெரியவில்லை. அந்தப் பையனின் கைக்கு ஒரு நட்சத்திரம். மற்றதற்குக் கொடுக்க மனம் வரவில்லை.

பேக்கேஜில் இருந்ததெல்லாம் ரத்தப் பரிசோதனைதான். மார்பகத்தையும் பார்க்கவில்லை, கர்ப்பப்பை வாயையும் பார்க்கவில்லை. மறுநாள் ரிப்போர்ட்டில் சிஏ-125 என்பதற்கு நேரே 41 என்று தடித்த எழுத்தில் வந்தது. சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதமாம் அது. 35-க்குள் இருக்க வேண்டுமாம். வயிற்றைக் கலக்கியது. போன் செய்தால், “ஸ்கேன் எடுத்துவிடுங்கள் மேடம், எங்களிடமே சலுகை விலை” என்றார்கள். ஸ்கேனுக்கு 1,200, மகளிர் மருத்துவருக்கு 500.

டாக்டரம்மா முதலில் கேட்டதே, “ரத்தம் கொடுத்த அன்று மாதவிலக்கா?” ஆமாம், இரண்டாம் நாள். மாதவிலக்கின்போதும் இந்த எண் ஏறுமாம். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு இதை வைத்துப் புற்றுநோயைத் தேடுவது வழக்கமில்லை என்றார். இந்தக் கேள்வியை ரத்தம் எடுத்தவர்கள் கேட்டிருக்கக் கூடாதா? முகூர்த்த நேரத்தில் இரண்டு நாள் கடையைச் சாத்தியதுதான் மிச்சம்.

அவர் சொல்லித்தான் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு அங்கே இலவசம். நர்ஸம்மா பஞ்சில் அசிட்டிக் அமிலத்தைத் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றார். சமையல் வினிகரின் அதே வாடை, லேசான எரிச்சல். வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேற்கொண்டு பார்ப்பார்கள். எனக்குத் திட்டு எதுவும் இல்லை. ஐந்து வருடம் கழித்து வரச் சொன்னார். மார்பகத்தையும் விரல்களால் அழுத்திப் பார்த்தார். அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதற்கு ஒரு நட்சத்திரத்தைக் குறைத்து நான்கு தருகிறேன்.

இலவசம் என்றாலும் அரை நாள் கடை போனது. இரண்டு ப்ளவுஸ் கூலி. இதைக் கணக்குப் பார்த்துத்தான் என் நாத்தனார் போகாமலே இருந்தார். இட்லிக் கடையை ஒரு காலை மூடினால் வாடிக்கை போய்விடும் என்பார். ரத்தப்போக்கு நிற்காமல் போன பிறகுதான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. கதிர்வீச்சு மட்டும் 25 நாள், வாரத்துக்கு ஐந்து. காப்பீட்டுத் திட்டம் இருந்ததால் சிகிச்சைக்குக் கைக்காசு போகவில்லை. ஆனால் ஐந்து வாரமும் போக வர ஆட்டோ யார் கொடுப்பார்கள்? துணைக்கு ஒரு நாள் நான், ஒரு நாள் அவர் கணவர், இருவருக்கும் கூலி இல்லை. இட்லிக் கடையை அதன் பிறகு திறக்கவே இல்லை. அடகு வைத்த செயின் இன்னும் மீளவில்லை. இந்த நோய் முற்றப் பத்துப் பதினைந்து வருடம் எடுத்துக்கொள்ளும். வெறும் திட்டாக இருக்கும்போதே கண்டிருந்தால் உறையவைத்து அழித்திருப்பார்கள், கால் மணி நேர வேலை என்று அதே நர்ஸம்மா சொன்னபோது எனக்கு அந்த ஆட்டோக்காரர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

தனியார் நிலையத்திலிருந்து நேற்றும் குறுஞ்செய்தி வந்தது. கணவருக்கும் சேர்த்து எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடியாம்.