லோட்டஸ் 79-ஆ, பிரபாமின் விசிறிக் காரா?

பழைய ஃபார்முலா 1 கார்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் பிரபாம் அணியின் விசிறி வைத்த கார், பிடி46பி-யைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். ஓடியது ஒரே ரேஸ், அதில் வெற்றி, தோல்வியே கிடையாது. கணக்கு சரிதான். ஆனால் அதே 1978-இல் ஆறு ரேஸ் ஜெயித்து, மரியோ ஆண்ட்ரெட்டிக்கு உலகப் பட்டமும் வாங்கிக்கொடுத்த லோட்டஸ் 79-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த விசிறிக்கு என்ன அவசியம் வந்தது என்பது புரியும். என்னைக் கேட்டால், இந்த இரண்டு கார்களின் தலையெழுத்தையும் எழுதியது அவற்றின் இன்ஜின் அகலம்தான்.

முதலில் லோட்டஸ். இரண்டு தாள்களை அருகருகே பிடித்து நடுவில் ஊதினால் அவை விலகாமல் ஒட்டிக்கொள்ளும் இல்லையா, அதே சங்கதிதான். காரின் இருபக்கப் பெட்டிகளின் அடிப்பாகத்தைக் கவிழ்த்துப் போட்ட விமான இறக்கை மாதிரி வளைத்துவிட்டால், தரைக்கும் காருக்கும் நடுவே காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், கார் தரையோடு அப்பிக்கொள்ளும். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் லோட்டஸின் பொறியாளர் பீட்டர் ரைட் மாதிரிக் காரை வைத்துச் சோதித்தபோது, பக்கப் பெட்டிகள் தொய்ந்து தரைப் பக்கம் இறங்க இறங்க கீழழுத்தம், அதாவது காரைத் தரையோடு அழுத்தும் விசை, தாறுமாறாக ஏறியது. அவர் அட்டையை வெட்டி ஓரத்தில் ஒட்டி இடைவெளியை அடைத்துப் பார்த்தார், கீழழுத்தம் இன்னும் எகிறியது. அந்த அட்டைதான் பிறகு காரின் ஓரத்தில் மேலும் கீழும் வழுக்கும் ஸ்கர்ட் ஆனது.

1977-இன் லோட்டஸ் 78-லேயே இது வந்துவிட்டது. ஆனால் அதில் அழுத்தம் முன்பக்கமாகவே விழுந்ததால், பின்னால் பெரிய இறக்கை வைத்துச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. அந்த இறக்கை நேர்ச்சாலையில் வேகத்தைத் தின்றது. லோட்டஸ் 79-இல் அணியின் நிறுவனர் கோலின் சாப்மனின் குழு எரிபொருளையெல்லாம் ஓட்டுநருக்குப் பின்னால் ஒரே டேங்கில் அடைத்தது, பின்சக்கர ஸ்பிரிங்கையும் டேம்பரையும் காற்றின் வழியில் நிற்காதபடி உள்ளே தள்ளியது, காருக்கடியில் காற்று ஓடும் சுரங்கத்தைக் காரின் வால்வரை நீட்டியது. இதற்கெல்லாம் இடம் கொடுத்தது காஸ்வொர்த் டிஎஃப்வி, ஒல்லியான வி8 இன்ஜின். அதன் இருபுறமும் காற்று தாராளமாகப் போக இடம் இருந்தது.

பிரபாமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரியின் கையில் இருந்தது ஆல்ஃபா ரோமியோவின் படுத்த 12 சிலிண்டர் இன்ஜின். சக்தி தாராளம், எடை தரையோடு தாழ்ந்து கிடக்கும், 1975 வாக்கில் யாரும் பொறாமைப்படும் அமைப்பு. ஆனால் அதன் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, லோட்டஸில் சுரங்கம் ஓடும் அதே இடத்தை அடைத்துக்கொண்டன. சுரங்கம் வெட்ட முடியாவிட்டால் என்ன, காற்றை உறிஞ்சி வெளியே தள்ளிவிடலாமே என்று மர்ரி போட்டார் பாருங்கள் ஒரு கணக்கு! ரேடியேட்டரை இன்ஜினுக்கு மேலே படுக்க வைத்து, இன்ஜின் பகுதியைச் சுற்றிலும் ஸ்கர்ட்டால் மூடி, பின்னால் கியர்பாக்ஸிலிருந்து ஓடும் ஒரு பெரிய விசிறி. அசையும் காற்றியக்கக் கருவிக்கு விதியில் தடை இருந்தது. அதற்கும் பதில் தயார்: இந்த விசிறியின் முதல் வேலை இன்ஜினைக் குளிர்விப்பது, கீழழுத்தம் கூடவே கிடைப்பது, அவ்வளவுதான். (யாரும் நம்பவில்லை. ஆனால் விதியின் வாசகம் அவர் பக்கம் இருந்தது.) இந்த யோசனை புதிதும் இல்லை, 1970-இல் அமெரிக்காவில் சாப்பரல் 2ஜே என்ற ரேஸ் கார் இதைச் செய்துபார்த்துத் தடையும் வாங்கியிருந்தது.

ஓட்டுவதில் இரண்டும் இரண்டு துருவம். லோட்டஸுக்கு வேகம் கூடினால்தான் பிடிப்பு கூடும், மெதுவான வளைவில் சாதாரணக் காருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவே. பிரபாமுக்குக் காரின் வேகம் பொருட்டே இல்லை, இன்ஜின் சுற்றினால் போதும். நிற்கும்போதே ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தால் கார் தரையை நோக்கி உட்காரும், பார்ப்பவர்கள் வாயைப் பிளந்தார்கள். அதன் மறுபக்கம், வளைவில் கார் வழுக்கப் பார்த்தால் காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் விசிறி தளர்ந்து பிடிப்பும் போய்விடும். பழகிய உள்ளுணர்வுக்கு நேர்மாறாக ஓட்ட வேண்டிய கார்.

1978 ஜூன் 17, ஸ்வீடனில் ஆண்டர்ஸ்டார்ப். உண்மையான வேகம் வெளியே தெரியாமலிருக்க, தகுதிச் சுற்றில் இரண்டு பிரபாம்களும் டேங்க் நிரம்ப எரிபொருளோடு ஓடின. அப்படியும் பிரபாமின் ஜான் வாட்சன் இரண்டாவது, நிக்கி லாடா மூன்றாவது, முதலிடம் ஆண்ட்ரெட்டிக்கு. ரேஸின் முதல் பாதி ஆண்ட்ரெட்டிதான் முன்னால். வேறொரு கார் பாதையில் எண்ணெய் சிந்தியபோது மற்றவர்கள் தடுமாற, லாடா எதுவுமே நடக்காத மாதிரி போய்க்கொண்டிருந்தார். பிறகு ஆண்ட்ரெட்டியைத் தாண்டினார், சற்று நேரத்தில் லோட்டஸின் இன்ஜினும் உயிரை விட்டது. 34 விநாடிக்கும் மேல் வித்தியாசத்தில் வெற்றி. வாட்சன் முடிக்கவில்லை, அதை ஏனோ "தோற்காத கார்" என்பவர்கள் சொல்வதில்லை.

மற்ற அணிகள் கொதித்தன. பிரபாமின் முதலாளி பெர்னி எக்கிள்ஸ்டனுக்கு அணிகளின் கூட்டமைப்பான ஃபோகாவில் தன் பிடி முக்கியம், காரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். விளையாட்டின் நிர்வாகமும் விசிறிக்குக் கதவைச் சாத்தியது. ஆண்டர்ஸ்டார்ப் வெற்றி மட்டும் ஏட்டில் அப்படியே நின்றது.

லோட்டஸ் 79-க்கும் குறைகள் உண்டு. சேஸிஸில், அதாவது காரின் உடற்கூட்டில், போதிய விறைப்பு இல்லை, பிரேக் சூடேறும். அந்த ஆண்டின் துயரமும் லோட்டஸுக்குத்தான்: இத்தாலியின் மோன்ஸாவில் ரேஸுக்கு முன்பான பயிற்சியில் ஆண்ட்ரெட்டியின் அணித்தோழர் ரோனி பீட்டர்சனின் 79 சேதமாகி, அவர் பழைய லோட்டஸ் 78-இல் கிளம்பி, தொடக்கத்திலேயே நடந்த விபத்தில் அடிபட்டு மறுநாள் இறந்தார். 1979-இல் மற்றவர்கள் இதே தத்துவத்தை விறைப்பான சேஸிஸில் செய்துகாட்ட, 79 ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை.

இருந்தாலும் என் ஓட்டு 79-க்கே. ஒரு வளைவில் மட்டும் பந்தயம் கட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு விசிறிக் காரைச் சொல்வேன். பதினாறு ரேஸ் ஓட வேண்டும், விதிக்குள் நிற்க வேண்டும் என்றால் பேச்சே இல்லை. பிரபாமே அதை ஒப்புக்கொண்ட மாதிரிதான், 1979-க்கு ஆல்ஃபாவிடமிருந்து ஒல்லியான வி12 வாங்கிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு படுத்த 12 சிலிண்டரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஃபெராரி, ஜோடி ஷெக்டரை வைத்துப் பட்டத்தையே தூக்கியது. ஆக, என் இன்ஜின் அகலக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கத்தான் செய்கிறது.