டாப்ட்: வரிக்குதிரை மீன் கருவில் எதற்குக் கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

நாட்ச் சிக்னலை (அண்டைச் செல்கள் எந்த வகையாக மாறுவது என்று ஒன்றுக்கொன்று சொல்லும் செய்தி) நிறுத்திப் பார்க்க வேண்டும், ஆனால் நாட்ச் வேலை செய்யாத மைண்ட் பாம் மியூட்டன்ட் (மரபணு மாறிய) மீன் தொட்டியில் இல்லை. அப்போது டாப்ட் (DAPT) என்ற மருந்துப் பொடியே போதும். காமா-செக்ரிடேஸ் என்ற வெட்டும் நொதி இதனால் முடங்குவதால் நாட்சின் உள்துண்டு வெட்டுப்பட்டு உட்கருவுக்குப் போக முடியாது.

5 மி.கி. குப்பியில் 1.156 மி.லி. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை விட்டால் 10 மில்லிமோலார் ஸ்டாக் (செறிந்த மூலக் கரைசல்). சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். கருக்களுக்கான 10 மி.லி. நீருக்கு ஸ்டாக்கில் 100 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 100 மைக்ரோமோலார். டிஎம்எஸ்ஓ 1 சதவீதம். மருந்து போடாத கண்ட்ரோல் கருக்களுக்கும் அதே 1 சதவீதம் கட்டாயம்.

பெரிய தொல்லை, இது தண்ணீரில் சரியாகக் கரையாது. குளிர்ந்த நீரில் ஒரேயடியாக ஊற்றினால் வெள்ளைத் துகள் படியும். பிறகு கருக்களுக்குக் கிடைக்கும் அளவு லேபிளில் எழுதியது அல்ல. நீரை 28.5 டிகிரிக்குச் சூடாக்கி, கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். கருவின் உறையையும் நீக்கிவிடுவது நல்லது. உறை நீக்கிய இளங்கரு பிளாஸ்டிக்கில் ஒட்டிக் கிழியும், அகரோஸ் பூசிய தட்டு தேவை.

ஸ்டாக்கின் வீரியத்தை அறியச் சாயமே வேண்டாம். காஸ்ட்ருலா (செல்கள் இடம்பெயர்ந்து அடுக்குகளாகும் கட்டம்) தொடங்கும் முன்பே சில கருக்களை மருந்தில் போடுங்கள். மறுநாள் முன்பக்கச் சில சோமைட்கள் (உடல் நீளத்தில் வரிசையாக அமையும் தசைக் கண்டங்கள்) ஒழுங்காகவும், பின்னால் உள்ளவை எல்லை குழம்பியும் இருந்தால் ஸ்டாக் நன்றாக இருக்கிறது.

ஆனால் அந்த நேரத்தில் தொடங்கிய கருவை வைத்து ரத்தம் பற்றி முடிவு சொல்லாதீர்கள், உடலே குலைந்திருக்கும். 10 சோமைட் கட்டத்தில், அதாவது கருவுற்ற 14 மணி நேரத்தில் தொடங்கி, ரத்தத் தண்டுசெல்லுக்கு 36 மணியில் முதுகுத் தமனியில் ரன்க்ஸ்1 மரபணு இயங்குகிறதா என்று பாருங்கள்: மங்கியோ மறைந்தோ இருக்கும். சிவப்பணுக்கள் மட்டும் இருக்கவே இருக்கும். அவை கேட்டா1 என்ற மரபணு வழியாக முன்பே உருவான முதல் அலை, நாட்சை நம்பி இல்லை. அதைக் கண்டு மருந்து செத்துவிட்டது என்று குப்பியைத் தூக்கிப்போடுபவர்கள் உண்டு!

சிறுநீரகத்தில் விளைவு நேர்எதிர். முன்சிறுநீரகக் குழாயின் நடுவில் பல்சிலியா (பல நுண்ரோமம் கொண்ட) செல்களும் பொருள்களைக் கடத்தும் செல்களும் உப்பும் மிளகும் தூவியதுபோல் கலந்திருக்கும். நாட்ச் போனால் முதல் வகை பெருகும், இரண்டாவது குறையும். 24 மணியில், பல்சிலியா செல்களைக் காட்டும் ஆர்எஃப்எக்ஸ்2 மரபணுவுக்கு இன்-சிட்டு (மரபணு எங்கே இயங்குகிறது என்று நிறத்தால் காட்டும் சோதனை) செய்து எண்ணுங்கள். உடலில் நீர் கோத்த வீக்கத்தை மட்டும் பார்த்துச் சிறுநீரகக் கோளாறு என எழுதினால் தப்பு, இதயக் கோளாறிலும் அதே வீக்கம் வரும்.

காமா-செக்ரிடேஸ் வேறு புரதங்களையும் வெட்டும். கட்டுரைக்குப் போகும் முடிவு என்றால் மியூட்டன்ட் மீனிலும் பார்த்தே தீரவேண்டும்.