கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு நாய்க்குட்டியா, வளர்ந்த நாயா, சில ஆண்டுகள் பொறுப்பதா?

தவழும் குழந்தையோ நடை பழகும் குழந்தையோ இருக்கும் வீட்டில் நாய் வளர்க்கும் ஆசை எழுந்தால், பேச்சு பெரும்பாலும் எந்த இனத்தை வாங்குவது என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. லேப்ரடார் குழந்தைகளிடம் சாதுவாக இருக்கும், பொமரேனியன் ஓயாமல் குரைக்கும், நாட்டு நாய்க்கு நோயே வராது என்று ஆளுக்கொரு கருத்தைச் சொல்வார்கள். ஆனால் இனத்தைவிட முதலில் பார்க்க வேண்டியவை நாயின் வயதும் குழந்தையின் வயதும்தான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இரண்டு மாதக் குட்டியை இப்போதே கொண்டுவருவது, குணம் தெரிந்த வளர்ந்த நாயைத் தத்தெடுப்பது, கடைசிக் குழந்தைக்கு ஐந்து வயதாகும் வரை பொறுப்பது ஆகிய மூன்று வழிகளையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

குட்டியை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம் பொய்யல்ல. பிறந்து 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரை ஒரு நாய்க்குட்டி பார்ப்பது, கேட்பது எல்லாவற்றையும் இயல்பானதாக ஏற்றுக்கொள்ளும். அந்தக் காலத்தில் குழந்தையின் அழுகை, நடைவண்டியின் சத்தம், திடீர் ஓட்டம் ஆகியவற்றுக்குப் பழகிய குட்டி பிற்காலத்தில் அவற்றைக் கண்டு மிரளும் வாய்ப்பு குறைவு. ஆயினும் இந்த நன்மை தானாகக் கிடைத்துவிடுவதில்லை. பெரியவர் ஒருவர் உடனிருந்து, குட்டி களைத்ததும் அதைத் தனியே தூங்கவிட்டு, குழந்தையின் கை அதன் காதையோ வாலையோ பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொண்டால்தான் அது கிடைக்கும். குழந்தையிடம் தினமும் இழுபட்டும் நசுங்கியும் வளரும் குட்டி, குழந்தைகளுக்கு அஞ்சுவதைத்தான் அந்த வாரங்களில் கற்றுக்கொள்கிறது.

அடுத்தது பல். நான்காம் மாதம் தொடங்கி ஆறு, ஏழு மாதம் வரை குட்டியின் பால் பற்கள் விழுந்து நிலைப் பற்கள் முளைக்கின்றன. அதற்கு முன்பும் அக்காலத்திலும் கண்ணில் பட்டதையெல்லாம் அது கடிக்கும், குறிப்பாக அசையும் பொருளை விடாது. தரையில் தவழும் குழந்தையின் குதிகாலும், நடக்கும்போது ஆடும் பாவாடை விளிம்பும், கையில் தொங்கும் பிஸ்கட்டும் குட்டியின் வாய் உயரத்திலேயே இருக்கின்றன. குழந்தை வீறிட்டுக் கத்திக் கையை உதறும்போது குட்டி அதை விளையாட்டின் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் பாயும். இதில் இருவர் மீதும் தவறில்லை. வலிக்காமல் கடிக்கும் அளவைக் குட்டி தன் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கற்க வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் தடை செய்திருந்தும், முப்பது, நாற்பது நாள் குட்டிகள் இன்றும் கைமாறுகின்றன. அப்படித் தாயிடமிருந்து சீக்கிரமே பிரிக்கப்பட்ட குட்டியைக் குழந்தை உள்ள வீட்டார் எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று குடற்புழு. உருளைப்புழு பெரும்பாலும் தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடுகிறது, பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும் குட்டியின் மலத்திலும் அதன் முட்டைகள் இருக்கும். அவை மண்ணில் சில வாரம் கிடந்த பிறகே தொற்றும் நிலைக்கு வருவதால், மலத்தை அன்றன்றே அள்ளி அப்புறப்படுத்தினால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. மண்ணை அள்ளி வாயில் போடும் வயதுக் குழந்தை உள்ள வீட்டில் அது ஒரு நாளும் தவறக் கூடாத வேலை. குட்டிக்கு இரண்டாம் வாரம் தொடங்கி 12 வாரம் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை புழு மருந்து கொடுக்க வேண்டும்.

ரேபிஸ் தடுப்பூசியோ வழக்கமாக மூன்று மாதம் நிறைந்த பிறகே போடப்படுகிறது. ஆகவே, பின்னணி தெரியாமல் தெருவிலிருந்து எடுத்துவந்த இரண்டு மாதக் குட்டியின் பல் குழந்தையின் தோலைக் கீறினால், 'வீட்டுக் குட்டிதானே' என்று விட்டுவிடுவது பெரும் ஆபத்து. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாய் வாங்கும் முன்பே குழந்தைக்கு முன்தடுப்பு ஊசி போடலாமா என்று குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும் நல்லது.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது வேலைச் சுமை. குட்டி தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடியதும் சிறுநீர் கழிக்கும். பகலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் இரவில் ஓரிரு முறையும் அதை வெளியே கொண்டுபோக வேண்டும். பால் கொடுக்க இரவில் இரண்டு முறை எழும் தாய்தான் பகலில் வீட்டில் இருப்பவர் என்றால், இதுவும் அவர் தலையில்தான் விழும். ஆசைப்பட்டவர் ஒருவர், உழைப்பவர் இன்னொருவர் என்ற இந்த ஏற்பாட்டில் முதலில் வதைபடுவது தாய். பிறகு, பால்கனியில் கட்டிப்போடப்பட்டு, கடைசியில் யாரிடமாவது தள்ளிவிடப்படும் அந்த நாய். எட்டு மாதத்தில் நிலைமை எளிதாகிவிடும் என்றும் நம்ப முடியாது. லேப்ரடார் அப்போதே 25 கிலோ அளவில் இருக்கும், ஆனால் புத்தி இன்னும் குட்டிதான். அது அன்போடு தாவினாலே பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தை தரையில் விழும்.

வளர்ந்த நாயைத் தத்தெடுப்பது இந்தச் சிக்கல்களில் பாதியைத் தாண்டிவிடுகிறது. இரண்டு, மூன்று வயது நாய்க்குப் பல் முளைத்து முடிந்திருக்கும், எடையும் குணமும் நிலைத்திருக்கும். பெரும்பாலும் தடுப்பூசியும் கருத்தடையும் ஆகியிருக்கும். சென்னைக் கிண்டியில் உள்ள ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் தத்து கொடுக்கிறார்கள் என்றாலும், ஒரு குடும்பத்தில் தற்காலிகமாக வளர்ந்துவரும் நாயையே நான் முதலில் தேடச் சொல்வேன். கூண்டில் அமைதியாகத் தெரியும் நாய், சமையலறையும் அழைப்பு மணியும் அழும் குழந்தையும் உள்ள இடத்தில் எப்படி நடக்கும் என்பது அங்கே தெரியாது. குழந்தைகளோடு வாழ்ந்திருக்கிறதா, சாப்பிடும்போது அருகே போனால் உறுமுகிறதா, தூக்கத்தில் தொட்டால் சீறுகிறதா என்று வளர்ப்பவரைக் கேட்க வேண்டும். அவர் தயங்கினால் அந்த நாய் வேறு வீட்டுக்கு உரியது. இவற்றைக் குழந்தையை விட்டுச் சோதித்துப் பார்க்கவே கூடாது. குட்டை முடி கொண்ட நாட்டு நாய் நம் வெயிலைத் தாங்கும் என்பது இந்த வழியில் கிடைக்கும் கூடுதல் வசதி. சப்பை மூக்குள்ள பக் கோடையில் மூச்சுக்குத் திணறும். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் ஓடித் திரிய இடம் கேட்கும் வேட்டை நாய்கள். அடுக்குமாடி வீட்டில் அடைப்பதற்கானவை அல்ல.

எந்த நாயானாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோடு ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருப்பதால், கடிபட்டால் பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலுமே காயம் ஏற்படுகிறது. கடிக்கும் முன் நாய் பல அறிகுறிகள் காட்டும்: தலையைத் திருப்பிக்கொள்ளும், காரணமின்றிக் கொட்டாவி விடும், உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும், பிறகு உடல் விறைக்கும். குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்க நாய் இப்படிப் பார்க்கும் படங்களைத்தான் நாம் 'எவ்வளவு பாசம்' என்று பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

பொறுப்பது என்ற மூன்றாவது வழியை இழப்பாக எண்ணத் தேவையில்லை. ஐந்து, ஆறு வயதுக் குழந்தை சொன்னதைக் கேட்கும். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பும், தூங்கும் நாயை எழுப்பாதே என்றால் பெரும்பாலும் எழுப்பாது. அதுவரை தாத்தா வீட்டு நாயை மார்பருகே மெல்லத் தடவுவதையும், அறியாத நாய் வந்தால் ஓடாமல் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்பதையும் பழக்கலாம்.

இரண்டு வயது நிறையாத குழந்தை உள்ள வீட்டுக்குப் பொறுப்பதே சரி. மூன்று, நான்கு வயதுக் குழந்தையும், நேரம் கொடுக்கக்கூடிய பெரியவர் இருவரும் இருந்தால் வளர்ந்த நாயைத் தேடலாம். குட்டிதான் வேண்டும் என்பவர்கள், தாயைத் தவிர வேறொருவர் ஓராண்டுக்கு இரவும் பகலும் அதன் வேலையை ஏற்பதாக முதலில் முடிவு செய்துகொள்ளட்டும். பிறகு குட்டிக்கென ஒரு மூலையைத் தடுப்பு வைத்து ஒதுக்கி, குழந்தை அதற்குள் போகக் கூடாது என்பதைக் குட்டி வருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டில் அனைவரும் கடைப்பிடிக்கத் தொடங்க வேண்டும்.