பெகாசஸ் காசு வாங்குமுன் குதிரைக்குக் கீழே உள்ள எழுத்தைப் பாருங்கள்

பழைய கிரேக்க வெள்ளிக் காசு சேர்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். ஜெர்மனியில் ஒரு நாணயச் சந்தையில் நான் வாங்கிய ஸ்டேட்டர் என்ற கிரேக்க வெள்ளிக் காசு போலி இல்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் அசல் வெள்ளிதான். ஊரைத்தான் மாற்றி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஒரு பக்கம் இறக்கைக் குதிரை பெகாசஸ், மறுபக்கம் தலைக்கவசம் போட்ட கிரேக்கப் பெண் தெய்வம் அதீனா. கொரிந்து நகரத்தின் காசு இது. கிரேக்கர்களே இதைக் 'குதிரைக்குட்டி' என்று செல்லமாகச் சொல்லியிருக்கிறார்கள். கொரிந்துக்காரர்கள் போய்க் குடியேறிய லெவ்காஸ், அம்பிராகியா, அனாக்டோரியன் போன்ற ஊர்களும் அதே படத்தை, ஏறக்குறைய அதே 8.6 கிராம் எடையில் அடித்தன. பெரும்பாலும் குதிரைக்குக் கீழே உள்ள ஓர் எழுத்தை வைத்துத்தான் ஊரைச் சொல்ல முடியும். கொரிந்துக்குக் கொப்பா (Ϙ) என்ற பழைய கிரேக்க எழுத்து, லெவ்காஸுக்கு லாம்டா, அம்பிராகியாவுக்கு ஆல்ஃபா. லாம்டா கூரை மாதிரி இரண்டு சாய்கோடு. அதன் நடுவே ஒரு குறுக்குக்கோடு போட்டால் ஆல்ஃபா.

அம்பிராகியா, அதிலும் அரிய வகை என்றார் விற்றவர். எடை 8.4 கிராம் இருந்தது. அச்சில் வார்த்த போலிகளின் ஓரத்தில் தெரியும் வார்ப்புத் தடம் இதில் இல்லை. எல்லாம் சரி என்று 850 யூரோ கொடுத்துவிட்டேன். லெவ்காஸ் என்று தெரிந்திருந்தால் அந்த விலைக்குத் தொட்டிருக்கவே மாட்டேன்.

வீட்டில் எழுத்தைச் சுற்றி இருந்த கறுப்பு மட்டும் உறுத்தியது. பஞ்சில் அசிட்டோன் தொட்டு லேசாக ஒற்றினேன். மை மாதிரி வந்துவிட்டது. வெள்ளியில் காலப்போக்கில் ஏறிய கறுப்பு அசிட்டோனுக்கு அப்படிக் கரையாது. அப்புறம் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். காசு அடிக்கும்போதே பதிந்த எழுத்து முழுவதும் மேடாக இருக்க வேண்டும். இதிலோ இரண்டு கால்களும் மேடாக நின்றன, குறுக்குக்கோடு மட்டும் தாழ்ந்து கிடந்தது. கால்களுக்கு நடுவே இருந்த வெள்ளியைச் சுரண்டிப் பள்ளமாக்கி, கோடு மாதிரி ஒரு கீற்றை விட்டுவைத்திருக்கிறார்கள். பள்ளத்துக்குள் ஊசி இழுத்த தடம்கூட வரிவரியாகத் தெரிந்தது.

காசைத் திருப்பினேன். அதீனாவின் கழுத்துக்குப் பின்னாலும் அதே கறுப்பு. அதை ஒற்றி எடுத்ததும் அடியில் சின்னதாக ஒரு லாம்டா! லெவ்காஸ் காசுகள் பலவற்றில் இரண்டு பக்கமும் அந்த எழுத்து உண்டு. இதை நான் சந்தையிலேயே தேடியிருக்க வேண்டும்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். ரசீதில் 'கிரேக்க வெள்ளி ஸ்டேட்டர், அசல்' என்று மட்டும்தான் இருக்கிறது, அசல்தானே கொடுத்தோம் என்றார் அவர். ஊர் பெயர் ரசீதில் இல்லவே இல்லை. வாங்கும்போது ஊரையும் காலத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்த நாணயத்தை வாங்காமல் வந்துவிடுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் அமெரிக்க நாணயவியல் கழகமும் தங்கள் காசுப் படங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. பணம் கொடுக்குமுன் எழுத்தின் வடிவத்தை அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் வாங்கிய அன்று அவர் தட்டில் இன்னும் இரண்டு 'அம்பிராகியா' இருந்தன. திருப்பிக் கொடுக்கப் போனபோது ஒன்றுதான் மிச்சம்.