2,350 ரூபாய் கொடுத்துக் குதிக்காத பூச்சி வாங்கினேன், ஜாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

நேற்று ராத்திரிதான் பூச்சி விற்ற அந்த ஆள் என்னை பிளாக் செய்தார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஜாடியில் வரும் பூசணத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் பாசி, இரண்டு சின்ன ஃபிட்டோனியா செடி, ஒரு மரக்கட்டை வைத்து டெரேரியம் செய்திருந்தேன். பத்தாவது நாள் கட்டை முழுக்க வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூசணம் பூத்துவிட்டது. தேடிப் பார்த்தால் எல்லோரும் ஸ்பிரிங்டெயில் விடு, ஐசோபாட் விடு என்கிறார்கள். முதலாவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும், பூஞ்சையைத் தின்னும், ஊதினால் தத்திக் குதிக்கும். இரண்டாவது தொட்டிக்கு அடியில் ஈரத்தில் ஓடுமே சாம்பல் நிறத்தில், அந்த இனம், சருகைத் தின்னும். "காசு கொடுத்தா பூச்சி வாங்கப் போற?" என்று அம்மா கேட்டார். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

சமூக ஊடகத்தில் படம் போட்டு விற்கும் பக்கம் ஒன்று. பெயர் சொல்லப் போவதில்லை. ஜாடியைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது: "பயப்படாதீங்க அக்கா, புதுக் கட்டைக்கு இது சகஜம், ரெண்டு மூணு வாரத்துல தானா அடங்கிடும்." இது உண்மை. நானும் வேறு இடத்தில் படித்திருந்தேன். விற்க வந்தவன் பயமுறுத்தாமல் உண்மையைச் சொல்கிறானே என்றுதான் நம்பினேன். தானாக அடங்கும் என்றால் எனக்கு எதற்குப் பூச்சி என்று ஒரு நொடி யோசித்தேனா? இல்லை. அடுத்து ஒரு வீடியோ, கரித்துண்டின் மேல் ஊதுகிறார், வெள்ளைப் புள்ளிகள் பொரி மாதிரி தெறிக்கின்றன. அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். ஸ்பிரிங்டெயில் டப்பா 450, ஐசோபாட் பன்னிரண்டு 1,400, "வேக வைத்த" கட்டை 380, கூரியர் 120. மொத்தம் 2,350 ரூபாய், முழுக்க முன்பணமாக, யூபிஐயில். "உயிரோட வரலைன்னா மாத்தித் தருவேன் அக்கா."

மே மாத வெயிலில் பார்சல் நான்கு நாள் கழித்து வந்தது. ஐசோபாட் டப்பாவில் காய்ந்த டிஷ்யூ காகிதம், சொட்டு ஈரம் இல்லை. அவை நண்டு, இறால் வகையைச் சேர்ந்தவை, வயிற்றுக்கு அடியில் இருக்கும் உறுப்பால் மூச்சு விடுகின்றன, அது ஈரமாகவே இருக்க வேண்டும். பன்னிரண்டில் எட்டு சருகாகிக் கிடந்தன. ஸ்பிரிங்டெயில் டப்பாவைத் திறந்து ஊதினேன். ஒன்றும் குதிக்கவில்லை. மறுபடி ஊதினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் குண்டு குண்டாக, எட்டுக் கால், மெதுவாக ஊர்கிறது. பழைய மாவு டப்பாவில் வருமே, அந்த மாதிரி உண்ணி! ஊசிப்போன அரிசி மேல் மொய்த்துக்கொண்டிருந்தது.

எழுதிக் கேட்டேன். ஒரு நாள் பதில் இல்லை. அப்புறம், "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா மேடம்?" பணம் போகும்வரை அக்கா, போனபின் மேடம். எடுக்கவில்லை என்றேன். "அப்ப எங்க பாலிசில வராது." உண்ணியைப் படம் எடுத்து அனுப்பினேன். "அது குட்டி மேடம், வளர்ந்தா குதிக்கும்." குட்டிக்கு எட்டுக் கால், வளர்ந்தால் ஆறா? அதற்குப் பதில் இல்லை. அடுத்தது கூரியர்காரன் தப்பு, அதற்கடுத்தது நான் குழாய்த் தண்ணீர் தெளித்தது தப்பு. கடைசியாக ஒரு யோசனை சொன்னார் பாருங்கள்: "பூசணம் போகலன்னா பூஞ்சைக்கொல்லி அடிங்க." பூஞ்சை தின்னும் பிராணியை 450 ரூபாய்க்கு விற்றவர் பேசுகிற பேச்சா இது? 2,350 ரூபாய்க்கு என்னதான் வழி என்று கேட்டதும் பிளாக்.

சரி, சொன்ன மாதிரி யோசனை. இன்னும் கை நடுங்குகிறது, சுருக்கமாகத்தான் வரும். முழுப் பணமும் முன்னால் அனுப்பாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். வாங்கும் முன்பே, உங்கள் பெயர் எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து வீடியோவில் ஊதிக் காட்டும்படி விற்பவரிடம் சொல்லுங்கள், குதிக்கிறதா என்று பாருங்கள். வந்த டப்பாவை நேராக ஜாடியில் கொட்டாதீர்கள், நான் கொட்டாததால்தான் உண்ணி ஜாடிக்குள் போகவில்லை. பூச்சி விட்ட ஜாடியில் எந்த மருந்தும் வேண்டாம். பூசணத்தை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, தினமும் கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து வையுங்கள், தண்ணீரைக் குறையுங்கள்.

என் கட்டையில் பூசணம் பாதி போய்விட்டது. மிச்சம் நாலு ஐசோபாட் ஒரு தயிர் டப்பாவில், ஈரப் பாசியும் பாதாம் இலைச் சருகுமாக இருக்கின்றன. ஒன்று இன்று காலை நகர்ந்தது. 2,350 ரூபாய்.