ஒயிட் மெட்டலா, ரெசினா, டைகாஸ்ட்டா? கையால் செய்த மாடல் கார் வாங்கத் தொடங்குபவர்களுக்கு

ஹாட் வீல்ஸ், மஜோரெட் என்று சேர்த்துக்கொண்டிருப்பவர் என்றாவது ஒருநாள் 1:43 அளவில், அதாவது நிஜக் காரின் 43இல் ஒரு பங்கு நீளத்தில், கையால் செய்த மாடல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிடுவார். அப்புறம் சும்மா இருக்க முடியாது. தேடத் தொடங்கினால் சில ஆயிரம் ரூபாய்க்கும் ஒன்று கிடைக்கிறது, சில லட்சத்துக்கும் ஒன்று கிடைக்கிறது. இரண்டின் விளம்பரத்திலும் ‘கையால் செய்தது’ என்றே போட்டிருக்கும். இரண்டுமே பொய்யில்லை. தொழிற்சாலையில் வரிசையாக உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பாடிகளுக்கு வைப்பர் ஒட்டுவதும் கைவேலைதான்; ஒரே ஆள் பல மாதம் உட்கார்ந்து பித்தளைத் தகட்டைத் தட்டி ஒரே ஒரு காரைச் செய்வதும் கைவேலைதான். அதனால் அந்த லேபிளை விட்டுவிட்டு, பாடி எதில் வார்க்கப்பட்டது என்று பாருங்கள். எந்தக் கார் மாடலாக வரும், எத்தனை வருடம் தாங்கும், உடைந்தால் சரிசெய்ய முடியுமா என்ற மூன்றையும் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் மாடல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒயிட் மெட்டலாக, அதாவது ஈயக் கலவையில் வார்த்ததாக இருக்கட்டும். புது ரெசின் மாடல்தான் கண்ணைப் பறிக்கும், சந்தேகமில்லை. இருந்தாலும் காரணங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதற்கு முன் அளவைப் பற்றி. கையால் செய்த மாடல்களின் சொந்த ஊர் 1:43 என்றே சொல்லலாம். ஒரு அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற பிரிட்டனின் ‘ஓ கேஜ்’ பொம்மை ரயில் கணக்கிலிருந்து வந்த அளவு அது. அந்த ரயில்களுக்குப் பக்கத்தில் வைக்கச் செய்த கார்கள்தான் டிங்கி டாய்ஸ் என்ற பிராண்டாக வளர்ந்தன. நம்ம அம்பாசடரை 1:43இல் செய்தால் 10 சென்டிமீட்டர் வரும். 1:18இல் 24 சென்டிமீட்டர். முப்பது கார் சேர்த்தபின் எங்கே வைப்பது என்று யோசித்துப் பார்த்தால் ஏன் 1:43 என்பது புரிந்துவிடும்.

டைகாஸ்ட்

துத்தநாகக் கலவையை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி எடுப்பது டைகாஸ்ட். எஃகு அச்சு செய்ய ஆகும் செலவு மிக அதிகம். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் போட்ட காசு வரும். அதனால் நிச்சயம் விற்கும் கார்களையே கம்பெனிகள் திரும்பத் திரும்பச் செய்யும்: போர்ஷே 911, மஸ்டாங், ஃபெராரி. உங்களுக்குப் பிடித்தவை இவைதான் என்றால் கவலையே இல்லை, டைகாஸ்ட்டிலேயே நல்லவை நிறைய இருக்கின்றன.

டைகாஸ்ட்டில் கைவேலையை உச்சத்துக்குக் கொண்டுபோனது ஜெர்மனியின் சிஎம்சி. பாடியை வார்ப்பதோடு சரி, மிச்சமெல்லாம் கையால் கோப்பது. 1:18 அளவு மாடலின் சக்கரத்தில் ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோத்திருப்பார்கள். சீட்டுக்குத் தோல், பானட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் போகும் குழாய்கள் என்று சில மாடல்களில் உறுப்புகள் ஆயிரத்தைத் தாண்டும். திறந்து மூடி, உள்ளே எட்டிப் பார்த்து ரசிப்பவர் நீங்கள் என்றால் இதற்கு இணை கிடையாது. ஆனால் விலை, இடம் இரண்டும் இடிக்கும்.

சரி, கதவு திறக்கும் மாடலையே 1:43இல் வாங்கலாமே என்று தோன்றும். இங்கே ஒரு கணக்கு போடுங்கள். கதவு திறந்து மூட பாடியில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், 1:18இல் அது நிஜக் காரில் 5 மில்லிமீட்டர் சந்துக்குச் சமம். நிஜக் காரிலேயே அவ்வளவு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதே 0.3 மில்லிமீட்டர் 1:43இல் 13 மில்லிமீட்டர் சந்தாகிவிடும், விரலே நுழையும். சின்ன அளவில் கதவு திறக்காத மாடல்களே அழகாக இருப்பது இதனால்தான்.

பழைய டைகாஸ்ட் வாங்குபவருக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கொஞ்சம் கலந்திருந்தாலும், வருடங்கள் போகப் போக உலோகம் உள்ளிருந்தே அரித்து, வீங்கி, விரிசல் விட்டு உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி மாடல்கள் பலவற்றுக்கு இதுதான் கதி. தொடங்கிவிட்டால் மருந்து கிடையாது.

ரெசின்

இன்று கடைகளில் புதிதாக வரும் 1:43 மாடல்களில் ரெசினுக்குத்தான் மவுசு. மூல வடிவம் ஒன்றைச் செய்து, அதைச் சுற்றி சிலிகான் ரப்பரை ஊற்றி அச்செடுத்து, அதில் பாலியூரித்தேன் ரெசின் என்ற, ஊற்றியபின் இறுகும் பிளாஸ்டிக்கை ஊற்றுகிறார்கள். அச்சு மலிவு, ஆனால் ஆயுள் குறைவு. சில டஜன் வார்ப்பிலேயே விளிம்பு கிழிந்து நுணுக்கம் மழுங்கிவிடும். ‘லிமிட்டெட் எடிஷன் 300’ என்ற எண்ணைப் பார்த்து மயங்கும் முன் இது நினைவில் இருக்கட்டும். அந்தச் சிறிய எண்ணிக்கையில் விற்பனைத் தந்திரம் ஒரு பாதி என்றால், இப்படிச் செய்யும் முறையே அதிகம் தாங்காது என்பது மறுபாதி.

இதில் வாங்குபவருக்குப் பெரிய நன்மை ஒன்று உண்டு. முந்நூறு பேர் வாங்கினாலே போதும் என்பதால் யாரும் தொடாத கார்கள் ரெசினில் வருகின்றன. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய கார்களை ஸ்பார்க் கம்பெனி வருடம் வருடமாகச் செய்வதெல்லாம் ரெசினால்தான் முடிந்தது. இத்தாலியின் பிபிஆர் 1984இல் தொடங்கியது முதல் ஃபெராரிகளைக் கையால் செய்துவருகிறது. அவர்கள் பூசும் சிவப்பைப் பார்த்தவர்கள் பிற சிவப்புகளைக் குறை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ரெசினின் கோடுகள் கூர்மையாக இருக்கும், ஜன்னல் தூண்கள் மெலிதாக இருக்கும். கிரில், வைப்பர் எல்லாம் மெல்லிய உலோகத் தகட்டை அமிலத்தில் அரித்தெடுத்தவை. காரின் வடிவத்தை மட்டும் ரசிப்பவருக்கு ரெசினே முதல் தேர்வு.

பிறகு ஏன் நான் தயங்குகிறேன்? வெயில். ரெசின் சூட்டில் இளகும் பொருள். மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் ஜன்னலோரம் வைத்த மாடலும், மே மாதத்தில் கூரியர் வண்டியில் கிடந்த மாடலும் மெல்ல வளைய வாய்ப்புண்டு. நீளமான பாடிகளில் நடுப்பகுதி தொய்ந்து, நாலு சக்கரத்தில் ஒன்று தரையைத் தொடாமல் நிற்கும். கண்ணாடிக்காக வைத்த மெல்லிய பிளாஸ்டிக் சுருங்கி ஓரம் தூக்கிக்கொள்ளும். சூப்பர் க்ளூ வருடக்கணக்கில் நொறுங்கும் தன்மைக்கு வந்து, பெட்டியைத் திறந்தால் சைடு மிரர் தனியாக உருளும். மிரரைத் திரும்ப ஒட்டலாம். வளைந்த பாடியை நேராக்குவது லேசில்லை.

ஒட்டும்போது ஃபெவிக்விக் வேண்டாம். அதன் ஆவி பட்டு, பக்கத்திலுள்ள கண்ணாடியில் வெள்ளைப் புகை படிந்துவிடும். தீக்குச்சி முனையில் துளி ஃபெவிக்கால் போதும். காய்ந்தால் நிறமற்றுப் போகும், தவறினால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

ஒயிட் மெட்டல்

வெள்ளீயம், ஈயம், ஆன்டிமனி சேர்ந்த கலவை இது. கும்பகோணம் ஈயச்சொம்பின் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொம்பு சுத்த வெள்ளீயம், இது கலப்பு. ரசம் இல்லாமல் அடுப்பில் வைத்தால் சொம்பு உருகிவிடுமே, அந்தக் குறைந்த உருகுநிலைதான் இங்கே வசதி. எஃகு அச்சு தேவையில்லை. வேகமாகச் சுழலும் ரப்பர் அச்சின் நடுவில் உலோகத்தை ஊற்றினால், சுழற்சி வேகமே அதை மூலை முடுக்கெல்லாம் தள்ளிவிடும். ஒரு கொட்டகையும் கொஞ்சம் முதலும் இருந்தால் போதும். 1970களில் இங்கிலாந்தில் இந்தத் தொழில் குடிசைத் தொழிலாகவே முளைத்தது அதனால்தான்.

இதில் தொடங்குபவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் புரூக்லின். ஜான் ஹால் என்பவர் 1974இல் கனடாவின் ஒன்டாரியோவில் புரூக்லின் என்ற ஊரில் தொடங்கி, பிறகு இங்கிலாந்தின் பாத் நகருக்கு மாற்றினார். டைகாஸ்ட் கம்பெனிகள் கண்டுகொள்ளாத பழைய அமெரிக்கக் கார்களே அவர்கள் சிறப்பு. வரிசையின் முதல் எண்ணே 1933 பியர்ஸ்-ஆரோ சில்வர் ஆரோ. நிஜத்தில் ஐந்தே கார்கள்தான் செய்யப்பட்டன.

பழைய புரூக்லின் ஒன்றைக் கையில் வாங்கும்போது முதலில் தெரிவது கனம். பாடி ஒரே வார்ப்பு, கதவு திறக்காது. கண்ணருகே கொண்டுபோனால் குறைகளும் தெரியும்: ஜன்னல் தூண்கள் தடித்திருக்கும், கதவுக் கோட்டில் பெயின்ட் தேங்கியிருக்கும். பெயின்ட் 0.1 மில்லிமீட்டர் தடிமனானாலே நிஜக் காரில் 4 மில்லிமீட்டர் சாந்து பூசியது போல என்று கணக்கு வரும். பெயின்ட் அடித்தவர் அன்று எவ்வளவு பொறுமையாக இருந்தார் என்பது அந்தக் கோட்டில் எழுதியிருக்கும். ரெசின் மாடலை வைத்து ஒப்பிட்டால் நுணுக்கத்தில் ஒயிட் மெட்டல் தோற்கும். அதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன், பழகும் கைக்கு இதுதான் தோது.

ஏனென்றால் நம் ஊர் வெயிலுக்கு இது அசையாது. அடியில் உள்ள ஸ்க்ரூவைக் கழற்றினால் பாடி தனியே வந்துவிடும். பெயின்ட் போனால் முழுதாக உரித்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம். பம்பர் வளைந்தால் கையாலேயே மெதுவாக நேராக்கலாம். உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. முக்கியமாக, ரெசின் வந்தபின் பழைய ஒயிட் மெட்டலைத் தேடுவோர் குறைந்துவிட்டார்கள். ஒரு காலத்தில் தொட முடியாத விலையில் இருந்தவை இன்று ஏலத்தில் புது ரெசினைவிட மலிவாகப் போவதைப் பார்க்கலாம். பின்னால் விலை ஏறும் என்று நம்பி வாங்குபவருக்கு இது கெட்ட செய்தி. வைத்து ரசிக்க வாங்குபவருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். கலவையில் ஈயம் இருப்பதால் குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது, தொட்டபின் கை கழுவ வேண்டும். இன்னொன்று அலமாரி. புது பிளைவுட், எம்டிஎஃப் பலகையிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தைத் தின்று வெள்ளைப் பொடியாக்கும். இப்போது வீடு முழுக்க எம்டிஎஃப்தான் போடுகிறார்கள். மாடலுக்காவது இரும்பும் கண்ணாடியும் சேர்ந்த ஷோகேஸ் வாங்கி, ஒரு மூலையில் சிலிக்கா ஜெல் பை வையுங்கள். கடலோர ஊர் என்றால் மூடிய பெட்டியில் வருடக்கணக்கில் பூட்டியும் வைக்காதீர்கள், ஈரம் அடைத்துக்கொண்டு பெயின்ட்டில் வேர்க்குரு போலக் கொப்புளம் வரும். இது மூன்று வகைக்கும் பொருந்தும்.

கிட், பெரிய மாடல்கள்

நானே செய்துகொள்கிறேன் என்பவர்களுக்கு இத்தாலியின் டாமியோ, ஜப்பானின் மாடல் ஃபேக்டரி ஹிரோ கிட்கள் இருக்கின்றன. உறுப்புகளைப் பார்த்தாலே ஆசை வரும். ஆனால் முதல் கிட்டாக இதை எடுக்காதீர்கள். டமியாவின் 1:24 பிளாஸ்டிக் கிட் இரண்டையாவது செய்து, ஸ்ப்ரே பெயின்ட்டும் டெக்கால் என்ற ஒட்டுப்படமும் கைக்கு வந்தபின் போகலாம். ஒயிட் மெட்டலை ராவும்போது தண்ணீர் தொட்டு ராவ வேண்டும், மாஸ்க் போட வேண்டும்.

பிரிஸ்டல் நகரத்து அமால்கம் செய்யும் 1:8 மாடல்களைப் பற்றியும் கேட்பார்கள். அரை மீட்டர் நீளம், லட்சங்களில் விலை. கண்காட்சியில் பார்த்து ரசியுங்கள்.

வாங்கும் நேரத்தில்

வெளிநாட்டு ஏலத்தில் எடுத்தால் விலையோடு சுங்க வரியும் சேரும். அளவு மாதிரிகளும் பொம்மைகளும் நம் சுங்கப் பட்டியலில் ஒரே தலைப்பில்தான் வருகின்றன. அந்த வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியது. பணம் கட்டும் அன்று என்ன விகிதம் என்று பார்த்துவிட்டு ஏலம் கேளுங்கள். இந்தியாவுக்குள்ளேயே சேகரிப்பைக் கலைப்பவரிடம் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

விற்பவரிடம் மேலிருந்து எடுத்த பளபள படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்தி அடையாதீர்கள். அடிப்பக்கத்தின் படம் கேளுங்கள். ஸ்க்ரூ தலை தேய்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள், பெயின்ட் புதிதாக அடித்ததா என்று கேட்க வேண்டும். தரை மட்டத்தில் பக்கவாட்டுப் படம் ஒன்று கேளுங்கள், நாலு சக்கரமும் தொடுகிறதா என்று தெரியும். டயர் நிற்கும் இடத்தையும் பாருங்கள். பழைய டயரிலிருந்து கசியும் எண்ணெய் பிளாஸ்டிக் பீடத்தை இளக்கி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒயிட் மெட்டல் மாடலாக இருந்தால், பீடத்தோடு ஸ்க்ரூ போட்டே அனுப்பச் சொல்லுங்கள். பார்சலுக்குள் கழன்றுவிட்டால் தன் கனத்தாலேயே தன்னை நசுக்கிக்கொள்ளும்.